பதில் சொல்லாத கம்ப்யூட்டரும் அறுபடாத கோடும்

வணக்கம் நண்பர்களே. ஏற்காடு லேடீஸ் சீட்டில் இருந்து பேசுகிறேன், கீழே தெரிவது சேலம். காற்று இரைச்சல் வந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு, எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு நிரூபணம்: எதிரில் இருப்பது எப்போது நிற்கும் என்று தெரியாத இரண்டு கம்ப்யூட்டர்கள், எழுதுவதையும் படிப்பதையும் மட்டும் வைத்து ஒரே முடிவுக்கு வரவே முடியாது.

இங்கே எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர், கீழே செவ்வாய்ப்பேட்டை மண்டியில் ஒன்று என்று வையுங்கள். ஆளுக்கொரு மிளகு விலை வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டில் ஏதாவது ஒன்றை இருவரும் ஒரேமாதிரி அறிவிக்க வேண்டும். எதிரில் இருப்பது நின்றே போனாலும் மற்றது முடிவு சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டால் அது செத்துவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் காத்திருக்கவும் முடியாது.

ஒவ்வொரு கம்ப்யூட்டரும் இரண்டுக்கும் பொதுவான மெமரியில் தன் விலையை எழுதும், அப்புறம் மெமரியைப் படிக்கும். இந்தப் பேப்பரைப் பாருங்கள், வரிசையாக நான்கு புள்ளி. இடது ஓரம்: எஸ்டேட் தன் விலையை மட்டும் பார்த்தது. அடுத்து: மண்டி இரண்டையும் பார்த்தது. அதற்கடுத்து: எஸ்டேட் இரண்டையும் பார்த்தது. வலது ஓரம்: மண்டி தன்னுடையதை மட்டும் பார்த்தது. ஒரே ஓட்டத்தில் சேர்ந்து நடக்கக்கூடிய நிலைகளைக் கோட்டால் இணைக்கிறேன். இரண்டு ஓரமும் சேர்ந்து நடக்காது. பிந்தி எழுதியது முந்தியதன் விலையைப் பார்த்தே தீரும். ஆக, மூன்று கோடு, ஓரத்திலிருந்து ஓரம்வரை அறுபடாமல்.

இடது ஓரத்தில் எஸ்டேட் தன் விலையைத்தான் சொல்ல முடியும். கோட்டால் இணைந்தவை ஒரே விலை சொல்ல வேண்டும். அப்படியே நகர்ந்து போங்கள்: வலது ஓரத்தில் மண்டி, தான் பார்க்கவே இல்லாத எஸ்டேட் விலையைச் சொல்லியாக வேண்டும்! சரி, இன்னொரு சுற்று எழுதிப் படித்தால்? ஒவ்வொரு கோடும் மூன்றாகப் பிரியும்: 9, 27, 81. எத்தனை சுற்று போனாலும் கோடு அறுவதில்லை.

மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் மெஷின்களுக்கு ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1985-லேயே இந்த முடிவை நிரூபித்துவிட்டார்கள். வடிவமாகப் பார்க்கும் வழியை 1993-ல் மூன்று குழுக்கள் தனித்தனியாகத் திறந்தன. அதில் ஹெர்லிஹி–ஷவிட், ஸாக்ஸ்–ஸஹரோக்ளு ஆகியோருக்கு 2004-ல் கம்ப்யூட்டர் சயன்ஸ் கோட்பாட்டுக்கான கோடெல் பரிசு. மூன்று மெஷின் என்றால் கோட்டுக்குப் பதில் முக்கோணம்; ஒரு சுற்றில் 13 சின்ன முக்கோணங்களாக உடையும். மூன்று விலையை இரண்டாகக் குறைப்பதுகூட அங்கே நடக்காது.

அப்படியானால் நிஜத்தில் எப்படி வேலை நடக்கிறது? கோட்டை வெட்ட வேண்டும். 'டெஸ்ட் அண்ட் செட்' என்ற கட்டளை யார் முந்தியது என்று ஒருவரைத்தான் சொல்லும். "இருவரும் ஒன்றாக" என்ற நடுக்கோடு போய்விடும். இடது துண்டு எஸ்டேட் விலை, வலது துண்டு மண்டி விலை. முடிந்தது! ஆனால் இது இரண்டு பேருக்குத்தான் உதவும். எத்தனை பேர் வந்தாலும், மெமரியில் எதிர்பார்த்த மதிப்பே இருந்தால் மட்டும் புதியதை எழுதும் 'கம்பேர் அண்ட் ஸ்வாப்' கட்டளை போதும் என்று 1991-ல் ஹெர்லிஹி காட்டினார். உங்கள் லேப்டாப் பிராசஸரிலேயே அந்த வேலையைச் செய்யும் வசதி இருக்கிறது.

முக்கோணத்தை அடுத்த வீடியோவில் கலர் அடித்து வரைந்து காட்டுகிறேன்.