மூன்று தலைமுறைக்கு ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

தாத்தா பாட்டி, அவர்கள் பிள்ளையும் மருமகளும், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை ஒரே வீட்டில் குடியிருக்கப் போகிறது. இடத்துக்கும் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. அப்படி ஒரு வீட்டை எப்படித் திட்டமிடுவது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த மாதிரி வீடுகளில் பணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கே போய்விடுகிறது. இரண்டு மாடி உயர ஹால், இறக்குமதிப் பளிங்கு, சரவிளக்கு. ஆனால் குடிபோன ஆறாம் மாதம் வீட்டுக்குள் மனக்கசப்பு வருவது வேறு விஷயத்தால். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் டிவி பார்க்கிறார். மூன்று பேர் ஒரே நேரத்தில் குளித்தால் நாலாவது ஆளுக்கு வெந்நீர் இல்லை. பிள்ளையைப் பார்க்க வருகிற ஆள் பெரியவர் சாய்ந்து படுத்திருக்கும் அறையைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. இதில் ஒன்றைக்கூடப் பளிங்கு தீர்க்காது. இதையெல்லாம் தீர்ப்பவை சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் புதைந்து போகிறவை. கான்கிரீட் போட்ட பிறகு இவற்றை மாற்றவேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும். சரவிளக்கை எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம்.

முதலில் வரைபடம். ஜப்பானில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாழ்வதற்கென்றே வீடு கட்டும் முறை ஒன்று உண்டு. அதை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: எல்லாமே பொது, சில மட்டும் பொது, வாசல் உட்பட எல்லாமே தனி. எந்த வகை என்று குடும்பத்தார் முதலிலேயே உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். என் பரிந்துரை நடு வகை. ஒரே முன்கூடம், அதிலிருந்து பிரியும் இரண்டு கதவுகள். சமையலறையும் சாப்பாட்டு இடமும் பொது. பெரியவர்கள் பகுதியில் 14க்கு 12 அடியில் படுக்கையறை, 10க்கு 12 அடியில் உட்காரும் அறை, 8க்கு 7 அடியில் குளியலறை, ஒரு சின்ன ஃப்ரிட்ஜும் கெட்டிலும் கழுவுதொட்டியும் வைக்க ஒரு மேடை. நடைபாதையோடு சேர்த்து 400 சதுர அடி வரும். அதிகாலையில் எழுந்து ஒரு வாய் சூடாகக் குடிக்க யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

இந்தப் பகுதி தரைத்தளத்தில்தான் இருக்கவேண்டும், இன்றைக்கு அவர்கள் மாடி ஏறக்கூடிய தெம்போடு இருந்தாலும் சரி. அதற்காக அமைதி, அமைதி என்று சொல்லி வீட்டின் பின்மூலையில் கொண்டுபோய் ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் உட்காரும் நாற்காலியிலிருந்து வாசலில் யார் வருகிறார், போகிறார் என்று தெரியும்படி ஒரு ஜன்னல் வேண்டும்.

வாசலில் தரை உயரம் ஒன்றரை அடி என்றால் சரிவுப்பாதைக்கு 18 அடி நீளம் தேவை. ஒரு அடி ஏற 12 அடி ஓட்டம் என்பதுதான் கணக்கு. மேலும் கீழும் ஐந்தைந்து அடி சமதளம் தனி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஆறடியில் ஒரு சறுக்குமரம்தான் கிடைக்கும். அதில் சக்கர நாற்காலியை யாராலும் தள்ள முடியாது.

அடுத்தது சத்தம். மனிதப் பேச்சை 9 அங்குலச் செங்கல் சுவர் நன்றாகவே தடுக்கும், நாலரை அங்குலச் சுவர் அந்த அளவுக்குத் தடுக்காது. ஆனால் சுவரைவிடப் பெரிய ஓட்டை கதவு. மூன்றடிக் கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் அதுவே 18 சதுர அங்குலத் துளை. எத்தனை தடிமனான சுவர் கட்டினாலும் சத்தம் அந்த வழியாக நடந்து போய்விடும். உள்ளே வெற்றிடம் இல்லாத கனமான கதவு, நிலையைச் சுற்றி ரப்பர், மூடும்போது தானாகக் கீழே இறங்கி இடைவெளியை அடைக்கும் பட்டை, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கதவு சுவருக்கு ஈடாகும். இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே அலமாரியை வைத்தால் இரண்டடித் தடுப்பு சும்மா கிடைக்கும். சுவரின் இருபக்கமும் ஸ்விட்ச் பெட்டிகளை நேருக்கு நேர் வைக்கவேண்டாம், அந்த இடத்தில் சுவர் வெறும் ஓடாகிவிடும்.

மேலிருந்து வருகிற சத்தம் வேறு ஜாதி. 5 அங்குலத் தளம் பேச்சைத் தடுக்கும். ஆனால் பேரன் பந்தைத் தட்டினால் அந்த அதிர்வு கான்கிரீட்டிலேயே பயணம் செய்து கீழே இறங்கும். முதல் மருந்து, பிள்ளைகள் விளையாடும் அறையைப் பெரியவர்கள் படுக்கைக்கு மேலே வைக்காமலிருப்பது. அதைத் தவிர்க்கவே முடியாது என்றால் தளத்தின்மேல் 5 முதல் 10 மில்லிமீட்டர் ரப்பர் அல்லது கார்க் விரிப்பு, அதன்மேல் சிமெண்ட் பூச்சு, அப்புறம் தரை ஓடு. விரிப்பைச் சுவரோரத்தில் மேலே மடித்து விடவேண்டும். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். கொத்தனார் ஓரத்தில் கலவையை நிரப்பிச் சுவரோடு இணைத்துவிடுவார். ஒரே ஒரு இடத்தில் தொட்டாலும் அதிர்வுக்குப் பாலம் கிடைத்துவிடும். விரிப்புக்குப் போட்ட பணம் வீண்.

கழிவுநீர்க் குழாயையும் சொல்லவேண்டும். மேல்மாடிக் குளியலறை கீழ்மாடிக் குளியலறைக்கு நேர் மேலே வரட்டும். படுக்கையறைச் சுவருக்குள் இறங்கும் குழாயில் நள்ளிரவில் யாராவது ஃப்ளஷ் செய்தால் தலைமாட்டில் அருவி கொட்டும்.

இப்போது பெரியவர்கள் குளியலறைக்குள் போவோம். இந்த வீட்டில் மிக நிதானமாக வரையவேண்டிய 56 சதுர அடி இதுதான்.

கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், அல்லது ஓரமாக நகரவேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். வழி 3 அடி வேண்டும் என்றால் நிலையை அதைவிட அகலமாகச் செய்யச் சொல்லுங்கள். கதவு திறந்து நிற்கும்போது அதன் தடிமன் கொஞ்சத்தைத் தின்றுவிடும். உள்ளே 5 அடி விட்டத்தில் வெற்றிடம் இருந்தால் சக்கர நாற்காலி திரும்பும்.

தரை, படுக்கையறைத் தரையோடு ஒரே மட்டத்தில் வரவேண்டும். அதற்குக் குளியலறைத் தளத்தை 2 முதல் 3 அங்குலம் இறக்கிப் போடவேண்டும். இதை சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, அடிக்கும்போதே சொல்லவேண்டும். மறந்துவிட்டால் தண்ணீர் ஓட்டம் கிடைக்காமல், வாசலில் ஒரு அங்குலத்துக்கு ஒரு திட்டு கட்டிவிடுவார்கள். கால்விரல் இடறுவது அந்த ஒரு அங்குலத்தில்தான். உயரமான படியைக் கண் பார்த்துக்கொள்ளும், இதைப் பார்க்காது. ஆறடி ஷவர் பகுதிக்கு ஒன்றேகால் அங்குலச் சரிவு போதும். நீர்த்தடுப்புப் பூச்சு ஷவர் சுவரில் ஆறடி உயரம்வரை ஏறட்டும். ஓடு ஒட்டுவதற்கு முன் தண்ணீரைக் கட்டி 48 மணி நேரம் நிறுத்தி, கீழே கசிகிறதா என்று பாருங்கள்.

ஓடு வாங்கும்போது கடைக்காரர் ஆர் 10, ஆர் 11 என்று வழுக்காத தன்மைக்கு ஒரு எண் சொல்லுவார். அந்தச் சோதனை காலணி அணிந்து, எண்ணெய் ஊற்றிச் செய்தது. வெறும் ஈரக்காலுக்கு ஏ, பி, சி என்று வேறு வரிசை உண்டு. ஷவருக்கு பி தரம் கேளுங்கள். சின்னச் சின்ன ஓடாகப் போட்டால் இடைக்கோடுகளே காலைப் பிடித்துக்கொள்ளும்.

கழிப்பறை இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம். ஓடு போட்டு முடித்த தரையிலிருந்து இதை அளக்கவேண்டும். சுவரில் தொங்கும் வகையென்றால் உட்காரப் போகிறவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுங்கள். பாட்டி குள்ளமாக இருந்து 19 அங்குலம் வைத்துவிட்டால் பாதம் தரையில் பதியாது, எழும்போது தடுமாறுவார். இருக்கையின் மையம் பக்கச் சுவரிலிருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் இருந்தால்தான் சுவரிலுள்ள கைப்பிடி எட்டும். கைப்பிடி 33 முதல் 36 அங்குல உயரத்தில், ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குல விட்டத்தில் இருக்கட்டும். சுவருக்கும் அதற்கும் ஒன்றரை அங்குல இடைவெளி. அதைவிட அதிகம் விட்டால் கை நழுவி உள்ளே போய் முழங்கை மாட்டிக்கொள்ளும். குறைந்தது 113 கிலோ இழுப்பைத் தாங்கவேண்டும். விழுகிறவர் எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பிடிப்பார், துண்டு மாட்டும் கம்பியாக இருந்தாலும். அதனால் அந்தக் கம்பியையும் கைப்பிடி பலத்திலேயே பொருத்துங்கள்.

அவசர மணிக்கு ஒரு கயிறு தொங்கவிடுவார்கள். அதன் நுனி தரையிலிருந்து 4 அங்குலத்தில் முடியவேண்டும், ஏனென்றால் இழுக்கப் போகிறவர் தரையில் கிடப்பார். துடைக்க இடைஞ்சல் என்று யாராவது அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுவது வழக்கம். கட்டிவிட்டால் மணியே இல்லாததற்குச் சமம்.

படிக்கட்டு. படி உயரம் 6 அங்குலம், மிதி 11 அல்லது 12 அங்குலம். 11 அடி தள உயரத்துக்கு 22 படி வரும். இடத்தை முன்பே ஒதுக்குங்கள். எல்லாப் படியும் ஒரே உயரம் என்று கான்கிரீட் போட்டால் மட்டும் போதாது. தரைக்கு ஓடும் கலவையுமாக 2 அங்குலம் ஏறுகிறது, படிக்குக் கல்லும் கலவையுமாக 1 அங்குலம்தான் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்தபின் முதல் படி 5 அங்குலமாகக் குறையும், கடைசிப் படி 7 அங்குலமாகும். கால் பழகிய கணக்கு இரண்டு முனையிலும் பொய்த்துப்போகும். ஆகவே கான்கிரீட்டிலேயே முதல் படியை 1 அங்குலம் கூட்டியும், கடைசிப் படியை 1 அங்குலம் குறைத்தும் போடவேண்டும். கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். குழந்தைகளுக்கு இரண்டேகால் அடி உயரத்தில் இன்னொரு கைப்பிடி. கிராதியில் கம்பிகள் செங்குத்தாக இருக்கட்டும், இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டவேண்டாம். படுக்கைவாட்டில் கம்பி வைப்பது இப்போது அழகு என்கிறார்கள். குழந்தைக்கு அது ஏணி.

லிஃப்ட் இப்போது தேவையில்லை என்றாலும் அதற்கான இடத்தை விடுங்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு பொருளறை, ஒன்றின்மேல் ஒன்றாக. சுற்றிலும் பீம், நடுவிலுள்ள தளத்தைத் தனியாகப் போட்டால் பின்னால் எளிதாக எடுத்துவிடலாம். சக்கர நாற்காலியும் துணையாளும் நிற்க உள்கூண்டு 1,100க்கு 1,400 மில்லிமீட்டர் வேண்டும். அடிப்பள்ளத்தின் ஆழம் இயந்திர வகையைப் பொறுத்து மாறும், அதைக் கேட்டுக்கொண்டு தோண்டுங்கள். பள்ளத்துக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு உண்டு. இதை மறப்பவர்கள் பலர்.

வெந்நீருக்கு ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 9 லிட்டர் ஷவர், 8 நிமிடம் குளியல் என்றால் ஒருவருக்கு 72 லிட்டர், ஆறு பேருக்கு 432 லிட்டர். தொட்டியில் 60 டிகிரி, குளிர்ந்த நீர் 20 டிகிரி, குளிக்க 40 டிகிரி என்றால் இதில் பாதி வெந்நீர். ஆக 216 லிட்டர். 250 முதல் 300 லிட்டர் தொட்டி வைத்தால் சண்டையில்லை. லீஜியோனெல்லா கிருமி வளராமலிருக்கத் தொட்டியில் 60 டிகிரி தேவை. ஆனால் அந்தச் சூடு ஐந்து நொடியில் தோலைச் சுட்டுவிடும். எனவே பெரியவர்கள், குழந்தைகள் குளியலறைக் குழாய்களுக்கு முன் வெப்பம் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு ஒன்று போட்டு 43 டிகிரியில் நிறுத்துங்கள். தொட்டி 20 மீட்டர் தூரத்தில் இருந்தால் முக்கால் அங்குலக் குழாயில் ஏறக்குறைய 6 லிட்டர் ஆறிய நீர் நிற்கும். அது வடியும்வரை காத்திருக்காமலிருக்க, அதைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் சுற்றுக்குழாய் ஒன்றும் சின்னப் பம்ப்பும் வேண்டும். பம்ப் பிறகு வாங்கலாம், குழாயை இப்போதே பதிக்கவேண்டும்.

மின்சாரத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி விநியோகப் பெட்டி, தனித்தனியாக 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான். வீடு முழுவதற்கும் ஒன்றே வைத்தால் மேல்மாடி ஹீட்டரில் கசிவு வரும்போது பாட்டியின் இரவு விளக்கும் சேர்ந்து அணையும். அந்த இரவு விளக்கு அலங்காரம் இல்லை. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதுக் கண்ணுக்குப் போகிற ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. கட்டிலிலிருந்து கழிப்பறைவரை, கணுக்கால் உயரத்தில், நடமாட்டம் உணர்ந்து எரியும் விளக்குகள் வையுங்கள். பல்பு நேரடியாகக் கண்ணில் படக்கூடாது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளை இருக்கை என்று எல்லாம் வெள்ளையாக இருந்தால் விளிம்பு தெரியாது. இருக்கைக்குப் பின்சுவரையாவது அடர்நிறமாக்குங்கள்.

சமையல் மேடை எல்லாருக்கும் ஒரே உயரமாக இருக்கவேண்டியதில்லை. நிற்பவரின் முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே என்பது பொதுவிதி. 32 அங்குலத்தில் ஒரு பகுதி, 36 அங்குலத்தில் ஒரு பகுதி. உட்கார்ந்து வேலை செய்ய 30 அங்குலத்தில் ஒரு துண்டு மேடை, அடியில் முழங்காலுக்கு இடம் விட்டு.

கடைசியாக ஒரு வேலை, செலவில்லாதது. சுவர்ப் பூச்சு ஏறுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரையும் ஓர் அளவுநாடாவைப் பக்கத்தில் ஒட்டிவைத்துப் படமெடுங்கள். குழாய் எங்கே, வயர் எங்கே, கைப்பிடியைத் தாங்கச் சுவருக்குள் வைத்த பலகை எங்கே என்று படத்தில் தெரியவேண்டும். அறைப் பெயரும் திசையும் எழுதி ஒரு பிரதியை மின்பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்துத் துளைபோட வருகிறவர் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான்.

வணக்கம்.