எழுபது வருஷம் என்று எழுதிய கடிதம்

(கோத்தகிரியில் நடந்த ஜெபக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

புத்தாண்டு இரவு ஆராதனையில் வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 கையில் வந்தால் நமக்குத் தனி சந்தோஷம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நம் வீடுகளில் எத்தனையோ சுவர்களில் இது தொங்குகிறது. அதற்கு முந்தின பத்தாம் வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டி நான் பார்த்ததில்லை. அதில்தான் எழுபது வருஷம் என்று இருக்கிறது.

அது ஒரு கடிதம். கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும், தச்சரையும், கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அவர்களுக்குத்தான் எரேமியா தீர்க்கதரிசி எழுதுகிறார். அந்தச் சமயத்தில் அனனியா என்றொருவன், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று தேவாலயத்திலே சொல்லிவிட்டான். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவோ எழுபது என்கிறார். யோசித்துப் பாருங்கள். அன்று நாற்பது வயதில் இருந்தவர் ஊர் திரும்பியிருக்க முடியுமா? அவருடைய பேரப்பிள்ளைகள் திரும்பியிருப்பார்கள். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வார்த்தை அந்த நாற்பது வயதுக்காரருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. தேவனுடைய திட்டத்தை நம்புவது என்றால் என் பிரச்சினை இந்த வருஷமே தீரும் என்று நம்புவதல்ல. என் ஆயுசுக்குள் தீராவிட்டாலும் அவர் நல்லவர் என்று நம்புவது. இதைச் சொல்ல எனக்கே தொண்டை அடைக்கிறது, ஆனாலும் வேதம் இதைத்தான் சொல்கிறது.

சரி, அதுவரை என்ன செய்வது? "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்காராதே, நடு என்கிறார்.

இதை இந்த மலைக்காரருக்கு விளக்கத் தேவையே இல்லை. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, இலங்கைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. அந்த மக்களைக் கேட்டுப் போட்ட ஒப்பந்தமல்ல அது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பார்த்தே இராத ஊருக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதைத்தான் நாம் டான்டீ என்கிறோம். அப்படி வந்த ஒரு பாட்டி நம் சபையில் இருக்கிறார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி, கட்டைவிரல் ரேகைக்குள் கறுப்பு ஏறி நிற்கிறது, சோப்புக்கும் போகாது. "வந்த புதுசுல என்ன ஜெபம் பண்ணுனீங்க பாட்டி?" என்று கேட்டேன். "திரும்பக் கூட்டிட்டுப் போ ஆண்டவரேன்னுதான். காலையில எந்திரிச்சு கன்னு நடப் போயிருவோம்" என்றார். தேயிலைக் கன்று பறிப்புக்கு வரவே மூன்று நான்கு வருஷம் ஆகும். ஜெபம் ஒருபக்கம், குழி ஒருபக்கம். இரண்டையும் அவர் விடவில்லை. எரேமியாவின் கடிதத்துக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டி பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டு வாசலில் நின்றுகொண்டு "எல்லாம் தேவசித்தம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தபிறகுதான் கர்த்தருக்குக் கோபம் மூண்டது. திட்டம் அவருடையது. அதை இறந்தவரின் தாய்க்கு விளக்கும் வேலையை அவர் நமக்குக் கொடுக்கவில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்றுதான் முதலில் கேட்டார். நீங்களும் கேளுங்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்து கடன் ஏறினவர்கள், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவர்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். அழுது கேட்பது அவிசுவாசம் அல்ல.

அப்புறம் அதே கடிதத்தின் ஏழாம் வசனம், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. ஐப்பசி மழை நெருங்குகிறது. சரிவில், மண் சுவரையொட்டிக் குடியிருப்பவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி. ஆலயத்துக்குப் பக்கத்து ஹாலை மழை இரவுகளில் திறந்து வைப்போம். சாவி யாரிடம் இருக்க வேண்டும், கம்பளியும் அரிசியும் எவ்வளவு வேண்டும் என்று ஜெபம் முடிந்ததும் பேசி முடிவுசெய்வோம். யாரும் கலைந்துவிட வேண்டாம்.