கூட்டுறவு வாரத்தில் தலைவருக்கு என்ன வேலை?

நேயர்களுக்கு வணக்கம். வருடா வருடம் நவம்பர் 14-லிருந்து 20 வரைக்கும் கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். உங்கள் ஊரில் கூட்டுறவு வங்கியோ பால் சொசைட்டியோ நெசவாளர் சங்கமோ இருந்தால், ஏழு நிறக் கொடி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கொடி, உறுதிமொழி, பந்தல், சிறந்த சங்கத்துக்குக் கேடயம், அப்புறம் டிபன். நானும் நகரக் கூட்டுறவு வங்கி ஒன்றுக்குத் தலைவராக இருந்தவன், கேடயம் வாங்கியவன், டிபனும் சாப்பிட்டவன். அதன் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஏழு நாளில் ஒரு தலைவர் போய் உட்கார வேண்டியது உறுப்பினர்கள் வேலை செய்கிற இடத்தில்தான் என்று ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன், நடுநடுவே திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1904-இல்தான் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் விவசாயிகளுக்கான கடன் சங்கம் பதிவானது. அதே வருடம் சென்னையில் திருவல்லிக்கேணி சங்கம், இங்கிலாந்தில் 1844-இல் ராச்டேல் ஊர் நெசவாளர்கள் கூட்டாக ஆரம்பித்த கடையைப் பார்த்துத் தொடங்கியது. ராச்டேலில் ஆரம்பித்தவர்கள் மொத்தம் 28 பேர். 28 பேர் என்றால் தலைவர் யார் வீட்டுக்கும் நடந்தே போய்விடலாம். சங்கம் பெரிதாகப் பெரிதாக அந்த நடை நின்றுபோகிறது, ஜீப் வருகிறது, ஜீப் வந்தால் முன்கூட்டியே போன் போகிறது, போன் போனால் தரையைக் கழுவி வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பக்கம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரம். இங்கே இல்லாத கூட்டுறவே இல்லை என்று சொல்லலாம். அதனால் அந்த வாரத்தில் வங்கி வேலையைத் துணைத்தலைவரிடம் விட்டுவிட்டு ஒவ்வோர் இடமாகப் போவேன்.

பால் சொசைட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே போவதென்றால் காலை ஐந்தரைக்குப் போக வேண்டும். பத்து மணிக்குப் போனால் காலி கேனும் செக்ரட்டரியும்தான் இருப்பார்கள். அப்படி ஒரு நாள், மழைத் தூறல், அந்தச் சொசைட்டித் தலைவரும் நானும் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். பால் ஊற்றுகிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பாலை அளந்ததும் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாதிரி எடுத்து மெஷினில் வைப்பார்கள், அது கொழுப்பு எவ்வளவு, இதரச் சத்து எவ்வளவு என்று காட்டும், அந்த எண்ணை வைத்துத்தான் லிட்டருக்கு விலை. எண் கொஞ்சம் இறங்கினாலும் பணம் இறங்கும்.

ஒரு அம்மா கேனை வைத்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார். "தலைவருங்க ரெண்டு பேரும் இருக்கீங்க, இதைக் கேளுங்க. நேத்து நாலு புள்ளி மூணு. இன்னிக்கு மூணு புள்ளி அஞ்சு. மாடும் அதே மாடு, தீவனமும் அதே தீவனம். எம்மா தண்ணி கலந்தியான்னு கேக்குறாரு இந்தத் தம்பி." மெஷின் பக்கத்தில் இருந்த பையனுக்கு முகம் செத்துவிட்டது. தண்ணீர் என்ற சொல்லை ஒரு பால்காரரிடம் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர்தான் கேட்டார், "இன்னிக்கு யாரும்மா கறந்தது?" மகன் கறந்தானாம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் விட்டு, மீதியைக் கன்றுக்குட்டி குடித்துவிட்டது. அங்கேதான் விஷயம். மடியிலிருந்து முதலில் வருகிற பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் வருகிற பாலில்தான் அதிகம். நல்லதையெல்லாம் கன்று குடித்துவிட்டது. தண்ணீரும் கலக்கவில்லை, மெஷினும் பொய் சொல்லவில்லை. இதை அந்தப் பெரியவர் சொன்னாரே தவிர, பக்கத்தில் இருந்த எங்கள் இரண்டு தலைவர்களுக்கும் சொல்ல வரவில்லை.

அந்த அம்மா சமாதானம் ஆகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். "சரி, கன்னு குடிச்சுது. ஆனா மூணு புள்ளி அஞ்சுன்னு எனக்கு எப்படித் தெரியும், அந்தத் தம்பி வாயாலதானே சொல்லுது?" என்றார். அப்போதுதான் கவனித்தேன், மெஷினின் முகம் பையனைப் பார்த்து இருக்கிறது, பால் ஊற்றுகிறவருக்கு அதன் முதுகுதான் தெரிகிறது. பையன் எண்ணைக் கத்துவான், நோட்டில் எழுதுவான், அவ்வளவுதான். ஏன் திருப்பி வைக்கவில்லை என்று கேட்டால், பிளக் பாயிண்ட் அந்தப் பக்கம் இருக்கிறதாம். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினால் முடிந்தது. சாயங்காலமே வாங்கினார்கள், மெஷினைத் திருப்பினார்கள். சண்டை நின்றதா என்றால் நிற்கவில்லை, ஆனால் இப்போது கண்ணால் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சங்கம் அவர்களுடையது, அந்த மெஷின் அவர்கள் பணத்தில் வாங்கியது, அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருடம் நின்றிருக்கிறார்கள்! இது எந்தத் தணிக்கை அறிக்கையிலும் வந்திருக்காது. ஐந்தரை மணிக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால்தான் தெரியும்.

பால் கதையிலேயே நேரம் போகிறது, எனக்கு அது ஒரு பைத்தியம். நெசவுக்கு வருகிறேன். பட்டுச் சேலையில் கோர்வை, அதாவது உடலையும் கரையையும் இணைக்கிற நெசவு, எப்படிப் போடுகிறார்கள் என்று படம் இல்லாமல் விளக்க முடியாது, அதை விட்டுவிடுகிறேன். சங்கம் பட்டும் ஜரிகையும் கொடுக்கும், நெசவாளர் வீட்டில் நெய்து கொடுத்தால் கூலி. சரி. ஆனால் கூட்டுறவு வாரம் வருவது எப்போது? ஐப்பசி கடைசி, கார்த்திகை ஆரம்பம், அடைமழை. தெருவில் பாவு, அதாவது தறியில் ஏற்றுகிற நீள நூலை, நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க முடியாது, தறிக்குழியில் ஈரம் ஏறிவிடும், பாவு இல்லாமல் தறி சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் நாம் போய் மைக்கில் கூட்டுறவே நாட்டுயர்வு என்கிறோம். ஒரு நெசவாளர் என்னிடம் சொன்னார், "உங்க வாரத்தைத் தை மாசத்துல வைங்க சார், வெயிலாவது இருக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதை மாவட்டக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன், அங்கேயும் சிரித்தார்கள்.

அப்புறம் வடநெம்மேலி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அங்கே மண்பானைகளில் துணி கட்டி வைத்திருப்பார்கள், உள்ளே பாம்பு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றது, அதை நம்பியிருந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பும் நின்றது. 1978-இல் வந்த இந்தச் சங்கத்தில் அதே கைகள் பாம்பைக் கொல்லாமல் பிடிக்கின்றன, விஷம் எடுக்கின்றன, அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டில் விடுகின்றன. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு வகை. நாட்டில் பாம்புக்கடிக்குப் போடுகிற ஊசி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. இதன் உறுப்பினர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி வர வேண்டும், அது தாமதமானால் பத்மஸ்ரீ இருந்தாலும் அடுப்பு எரியாது. அந்தக் கவலையைக் காது கொடுத்துக் கேட்பதும் தலைவர் வேலைதான்.

குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நவம்பர் 14 குழந்தைகள் தினமும் கூட, அதனால் அன்றைக்குக் குழந்தைகள் இல்லங்களுக்குக் காலையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். பிஸ்கட், கேக், நோட்டு, போட்டோ. மத்தியானம் இரண்டு இடத்துச் சாப்பாடு வந்துவிடும். நடத்துகிறவர்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், கரண்ட் பில் என்பார்கள், ராத்திரிக் காவலாளி சம்பளம் என்பார்கள், முதியோர் இல்லமாக இருந்தால் டயப்பர் என்பார்கள். இவற்றைக் கொடுத்தால் போட்டோ நன்றாக வராது! தர்மம் செய்வதற்குக் கூட்டுறவில் இடம் இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். 1912-ஆம் வருடக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்திலேயே இருந்தது: நிகர லாபத்தில் கால் பங்கை முதலில் காப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டும், மீதியில் 10 சதவீதம் வரைக்கும், பதிவாளர் அனுமதியோடு, தர்ம காரியத்துக்குக் கொடுக்கலாம். முதலில் சங்கம் நிற்க வேண்டும், பிறகு தர்மம். அந்த வரிசை எனக்குப் பிடிக்கும். அதனால் நான் 14-ஆம் தேதி போவதில்லை, 19, 20 போலப் போவேன், கேக் தீர்ந்த பிறகு.

நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகிற ரேஷன் கடையைப் பற்றித்தான் நிறைய வைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தலைவர்களே, கடைக்குள் போகாதீர்கள், வெளியே வரிசையில் நில்லுங்கள். பச்சரிசி இன்றைக்கு உண்டா இல்லையா, கைரேகை எத்தனை பேருக்கு விழவில்லை, எடை போடுகிற அந்தப் பெண் மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், எல்லாம் வரிசையில் நின்றாலே தெரிந்துவிடும். மீதியை இன்னொரு தடவை கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.