வெடிமருந்தை முகரும் பாலிமர்

நேயர்களுக்கு வணக்கம். மண்ணில் புதைந்த கண்ணிவெடியிலிருந்து டிஎன்டி என்ற வெடிமருந்தின் ஆவி மிகச் சொற்பமாகவே கசியும். அறை வெப்பநிலையில் நூறு கோடி காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே சில டிஎன்டி மூலக்கூறுகள் இருந்தாலே அதிகம். அதை உணரும் ஓர் ஒளிரும் பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறை, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் திமோத்தி ஸ்வேகர் குழுவினர் 1998-இல் உருவாக்கினார்கள். வேதியியலில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளுள் இது ஒன்று.

இந்தப் பாலிமரைச் செய்யும் முறையைப் பார்ப்போம். இருபுறமும் அயோடின் உள்ள மூலக்கூறையும், இருபுறமும் அசிட்டிலீன் முனை உள்ள மூலக்கூறையும் பல்லேடியம் வினையூக்கி மாறிமாறிக் கோத்துச் சங்கிலியாக்குகிறது. கூடவே சிறிது செம்பு அயோடைடும் அமீன் என்ற காரப்பொருளும் வேண்டும். குடுவைக்குள் ஆக்சிஜன் நுழையவே கூடாது. நுழைந்தால் அசிட்டிலீன் முனைகள் தங்களுக்குள்ளேயே இணைந்து, சங்கிலியின் ஒழுங்கைக் கெடுத்துவிடும். கடைசியில் கரைசலை மெத்தனாலில் ஊற்றினால் பாலிமர் மஞ்சளாகப் பிரிந்து படியும்.

கரைசலில் பளிச்சென்று ஒளிரும் இத்தகைய பாலிமர்கள், படலமாகப் பூசியதும் பெரும்பாலும் மங்கிவிடும். தட்டையான சங்கிலிகள் ஈர அப்பளங்களைப்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். ஸ்வேகர் குழு சங்கிலியில் பென்டிப்டிசீன் என்ற பருத்த அமைப்பைச் சேர்த்தது. சங்கிலிகள் விலகி நின்றன, ஒளி தங்கியது. அந்த இடைவெளிகளே டிஎன்டி உள்ளே நுழையும் வழியாகவும் அமைந்தன. ஒரே மாற்றத்தால் இரண்டு சிக்கல்கள் தீர்ந்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பாலிமர் உறிஞ்சிய ஒளியாற்றல் ஓரிடத்தில் நிற்காமல் சங்கிலி நெடுக அலைகிறது. வழியில் எங்கேனும் ஒரு டிஎன்டி மூலக்கூறு ஒட்டியிருந்தால், அது எலக்ட்ரானைப் பறித்து ஒளியை அணைத்துவிடும். சங்கிலி முழுவதற்கும் அந்த ஒன்றே போதும். இவ்வளவு நுண்ணுணர்வு வருவது இதனால்தான். 2.5 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தை டிஎன்டி ஆவியில் வைத்தபோது, 30 வினாடியில் ஒளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 60 வினாடியில் முக்கால் பங்கு போயிற்று. தடித்த படலத்தில் ஆவி ஊடுருவ நேரமாவதால் மாற்றம் மெதுவாகவே தெரியும்.

இந்தப் பாலிமரைக் கொண்டு ஓக்லஹோமாவின் நோமாடிக்ஸ் நிறுவனம் கையில் பிடிக்கும் கருவி ஒன்றைச் செய்து, அதற்கு ஃபிடோ என்று, ஆங்கிலத்தில் நாய்களுக்கு வழங்கும் பெயரையே வைத்தது.

இத்தகைய படலங்களை ஆராய வரும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து வெளிச்சம் பட்டாலே பாலிமர் சிதைந்து ஒளி குன்றும். எனவே தூய காற்றில் வைத்த படலத்தையும் அதே விளக்கின்கீழ் அளந்து, அந்த இழப்பைக் கழித்த பிறகே டிஎன்டியின் விளைவைக் கணக்கிட வேண்டும்.