உப்பிட்டவரை உள்ளளவும்: காவலர் வீரவணக்க நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை

மேடையில் வீற்றிருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களே, மாவட்ட வருவாய் அலுவலர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட பெரியவர் அவர்களே, ஓய்வு பெற்ற காவல்துறையினர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, ஆயுதப்படைத் தம்பிகளே, தங்கைகளே, பள்ளிப் பிள்ளைகளே, எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வீரமரணம் அடைந்த காவலர்களின் குடும்பத்தாரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். காலையில் மலர்வளையம் வைத்து முடித்ததும் கண்காணிப்பாளர் அவர்கள் நேராகத் தம் வண்டிக்குப் போகவில்லை. குடும்பத்தார் இருந்த பந்தலுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார். ஐயா, அதை நான் பார்த்தேன். மனம் நிறைந்தது. இன்னொருவர் பியூகிள் வாசித்த தம்பி. 21 பேர் மூன்று சுற்றாக 63 குண்டுகள் முழங்கி, புகை அடங்கிய பிறகு அந்தத் தம்பி கடைசிச் சுரத்தை நீட்டி நிறுத்தினார் அல்லவா, அப்போது கொடிக்கம்பத்துக்கு அருகில் நின்ற ஒரு மூதாட்டி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். குண்டுச் சத்தத்துக்கு அசையாதவர் அந்தச் சுரத்துக்கு உடைந்துவிட்டார். தம்பி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

தியாகம், நினைவு, சகோதரத்துவம் என்று மூன்று பொருள்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முடிந்தவரை பேசுகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒரே பழமொழி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை. அதைச் சுற்றித்தான் வருவேன்.

பிள்ளைகளே, அக்டோபர் 21 எப்படி நம்முடைய நாள் ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1959ஆம் ஆண்டு. அன்று திபெத்தை ஒட்டிய எல்லையைக் காத்து நின்றது காவல்துறைதான். லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் இடம். பெயரில்தான் வெந்நீர். கடல் மட்டத்திலிருந்து பதினையாயிரம் அடிக்கு மேல், மூச்சுவிடக் காற்றுப் போதாத மலை. அக்டோபர் 20 அன்று மூன்று குழுக்கள் வேவு பார்க்கப் போயின. இரண்டு குழுக்கள் திரும்பிவிட்டன. இரண்டு காவலர்களும் ஒரு சுமை தூக்கியும் இருந்த மூன்றாவது குழு திரும்பவில்லை. மறுநாள், உளவுத்துறை அதிகாரி கரம் சிங் சுமார் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு அந்த மூவரைத் தேடிப் போனார். குன்றின் மேலிருந்து சீனப் படையினர் சுட்டார்கள். நம்மவர்கள் நின்ற இடத்தில் ஒதுங்க மறைவில்லை. பத்துப் பேர் அங்கேயே மடிந்தார்கள். ஏழு பேர் காயத்தோடு பிடிபட்டார்கள். இறந்தவர்களின் உடல்கள் நம் கைக்கு வந்தது நவம்பர் 13ஆம் தேதி. மூன்று வாரங்களுக்கு மேல்! அந்த மலையிலேயே காவல்துறை மரியாதையோடு எரியூட்டினார்கள். 1960 ஜனவரியில் கூடிய காவல்துறைத் தலைவர்கள் மாநாடு இந்த நாளை நாடு முழுவதும் கடைப்பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தது.

அவர்கள் எதற்காகப் போனார்கள் என்பதைப் பாருங்கள். ஊரைப் பிடிக்கப் போகவில்லை. கொடி நாட்டப் போகவில்லை. திரும்பி வராத மூன்று பேரைத் தேடிப் போனார்கள். அந்த மூவரில் ஒருவர் மூட்டை சுமந்தவர். அவரையும் விட்டுவிட மனம் வரவில்லை. சகோதரத்துவம் என்ற தலைப்பில் நான் தனியாக என்ன பேசிவிடப் போகிறேன்? அது இதற்குள்ளேயே இருக்கிறது. பிறகு நேரம் இருந்தால் அதற்கு வருகிறேன்.

இப்போது என் ஏட்டையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இது கொஞ்சம் நீளும்.

நான் 1981இல் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தேன். பயிற்சி முடிந்து போன காவல் நிலையத்தில் எனக்கு ஓர் ஏட்டையா வாய்த்தார். பதவியில் நான் பெரியவன், அவர் என்னை ஐயா என்பார். வயதில் அவர் பெரியவர், நான் அவரை ஏட்டையா என்பேன். எஃப்.ஐ.ஆர். எழுதுவதிலிருந்து, கூட்டத்துக்கு நடுவே லத்தியை எப்போது கீழே தாழ்த்த வேண்டும் என்பது வரை அவர்தான் கற்றுக்கொடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் காகிதத்தில் மடித்த உப்புப் பொட்டலம் ஒன்று வைத்திருப்பார். பந்தோபஸ்துக்குப் போனால் மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் வருமே, காவல்துறைக்காரர்களுக்குத் தெரியும், அதில் உப்பு இருக்காது. ஏட்டையா தம் பொட்டலத்தைப் பிரிக்குமுன் என் சாம்பார் சாதத்தில் இரண்டு விரலால் உப்பு தூவுவார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் ஐயா, நாளைக்கு நான் விடுப்புக் கேட்டால் மறுக்கக் கூடாது" என்பார். நான் சிரிப்பேன். நான்கு ஆண்டுகளில் அவர் கேட்ட விடுப்பு மொத்தம் பத்து நாட்கள்கூட இருக்காது.

1985 நவம்பர். இரவெல்லாம் மழை. விடியற்காலையில் தகவல் வந்தது. ஆற்றுத் தரைப்பாலத்தில் ஒரு பஸ் நடுவழியில் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் பஸ்ஸின் ஜன்னல் விளிம்பைத் தொட்டிருந்தது. தீயணைப்பு வண்டி வரும் வழியில் மரம் சாய்ந்து கிடந்தது. எங்களிடம் இருந்தது, பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிய கிணற்றுக் கயிறு. ஏட்டையா ஒரு முனையைப் புளியமரத்தில் கட்டினார், மறுமுனையைத் தம் இடுப்பில் கட்டினார். நான் போகிறேன் என்றேன். "ஐயாவுக்கு நீச்சல் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றார். அது உண்மை. பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மரத்தடியில் வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு பூட்ஸுக்குள் போட்டார். தொப்பியை எடுத்து என் கையில் கொடுத்தார். "தொப்பி நனையக் கூடாது ஐயா, பத்திரம்" என்றார்.

முதல் தடவை போய்க் கயிற்றைப் பஸ்ஸின் கம்பியில் கட்டிவிட்டு, ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்து வந்தார்கள். வர முடியாத முதியவர்களையும் பெண்களையும் ஏட்டையாவே அணைத்துக் கூட்டி வந்தார். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாங்கி வாங்கிக் கரையேற்றினேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது அவருக்கு. போதும் ஏட்டையா என்று கத்தினேன். டிரைவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று கையைக் காட்டினார். டிரைவர் கயிற்றைப் பிடித்துப் பாதி தூரம் வந்தபோது மேலேயிருந்து ஒரு பனைமரம் உருண்டு வந்தது. டிரைவர் கயிற்றோடு தொங்கினார். ஏட்டையாவைக் காணவில்லை. மறுநாள் மாலையில்தான் கிடைத்தார். சட்டைப் பையைப் பார்த்தேன். காகிதம் இருந்தது. உப்பு கரைந்து போயிருந்தது.

பதினொன்று ஆண்டுகள் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. மாற்றல், வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம், அவர் மனைவியான அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. 1996இல் வேறு வேலையாக அந்த ஊர் வழியாகப் போனபோது ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். ஓட்டு வீடு. அவர் படத்துக்குக் கீழே ஒரு விசில் தொங்கிக்கொண்டிருந்தது. "அம்மா, நான் அவரோடு வேலை பார்த்தவன்" என்றேன். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்: "ஐயா, அவர் எப்படி இறந்தார்?"

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டார். பதினொன்று ஆண்டுகளாக அவருக்கு ஓய்வூதிய ஆணை வந்திருக்கிறது, கருணைத்தொகைக் காசோலை வந்திருக்கிறது, மூத்த மகனுக்கு வேலை ஆணையும் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் "பணியின்போது உயிரிழந்த" என்று ஒரே வரி. ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்று ஒரு மனிதன் அந்த வாசற்படி ஏறி வந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டியவன்.

அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து சொன்னேன். புளியமரம், கயிறு, குழந்தை, டிரைவர் எல்லாம் சொன்னேன். தொப்பியை என் கையில் கொடுத்ததைச் சொன்னதும் நிமிர்ந்தார். "அந்தத் தொப்பி எங்கே, தம்பி?" என்றார். அதுவரை ஐயா என்றவர், தம்பி என்றார். அந்தத் தொப்பியை நான் மற்ற உடைமைகளோடு சேர்த்து ஸ்டோரில் ஒப்படைத்திருந்தேன். அரசு உடைமை, பட்டியல் போட்டு, கீழே என் கையெழுத்து. விதிப்படி சரி. அந்த அம்மாவிடம் என்ன விதியைச் சொல்வது?

பெரியோர்களே, வியர்வையிலும் உப்பு இருக்கிறது, இரத்தத்திலும் உப்பு இருக்கிறது. நமக்காக இரண்டையும் சிந்தியவர்களும் நமக்கு உப்பிட்டவர்கள்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை.

நினைப்பது என்றால் என்ன? நம் தமிழ் மண் இதை உலகுக்குக் கற்றுக்கொடுக்கும் தகுதி உள்ள மண். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலம், ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முற்பட்டது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். நாய் செய்த காவலை, நாயின் பெயரோடு, என்ன செய்தது என்ற விவரத்தோடு கல்லில் வெட்டியது நம் ஊர். "பணியின்போது உயிரிழந்த" என்று முடித்துவிடவில்லை.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படிகளைச் சொல்கிறது. கல்லைத் தேர்வது காட்சி, அதைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல். நான்கு ஆயிற்று. அதற்கு மேல் பெரும்படை, வாழ்த்து என்று இரண்டு இருக்கின்றன. படைத்துச் சிறப்புச் செய்ய வேண்டும், வாயாரப் பாட வேண்டும். நாம் நான்காவது படியில் நின்றுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். டில்லி சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21 அன்று தேசியக் காவலர் நினைவகம் திறந்தார்கள். 30 அடி உயரம், 238 டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல். திறந்தபோது சுவரில் 34,844 பெயர்கள். பெருமைப்பட வேண்டியதுதான், நான் போய்த் தொட்டுக் கும்பிட்டு வந்தேன். சென்னையில் கடற்கரைச் சாலையில் டி.ஜி.பி. அலுவலகத்திலும் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டு வீட்டு அம்மா எந்தக் காலத்தில் டில்லிக்குப் போவார்?

1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரை எல்லாரும் அறிவோம். ராஜீவ் காந்தியோடு அங்கே இறந்தவர்களில் ஒன்பது பேர் காவல்துறையினர். கண்காணிப்பாளர் முகமது இக்பால், ஆய்வாளர் ராஜகுரு, பெண் காவலர் சந்திரா என்று பெயர் சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருப்பத்தூரைப் பாருங்கள். 1980 ஆகஸ்ட் 6 அன்று நக்சல்கள் வெடித்த குண்டில் ஆய்வாளர் பழனிசாமியும் உடனிருந்த காவலர்களும் மடிந்தார்கள். இன்றைக்கும் ஒவ்வோர் ஆகஸ்ட் 6ஆம் தேதியும் அங்கே வீரவணக்கம் நடக்கிறது. இறந்தவர்களின் பெயர் அந்த ஊர்க்காரர்கள் வாயில் இருக்கிறது. பெரும்படை என்றால் அது.

எனக்கு மேடையிலிருந்து துண்டுச் சீட்டு வந்துவிட்டது. தியாகத்தைப் பற்றி இன்னும் பேச வேண்டும், சகோதரத்துவத்தைத் தொடவே இல்லை. பரவாயில்லை. எட்டு ஆண்டுகளாக நான் மனு எழுதிவரும் காரியத்தை மட்டும் இங்கே கேட்டுவிட்டு உட்காருகிறேன்.

கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வரவேற்பாளர் மேசைக்கு மேலே ஒரு கருங்கல் பலகை வேண்டும். அந்த நிலையத்தில் பணியாற்றி உயிர் கொடுத்தவர் பெயர், நாள், என்ன செய்து இறந்தார் என்று நான்கு வரி. தமிழில். புகார் கொடுக்க வருகிறவர் காத்திருக்கும்போது படிக்கட்டும். புதிதாகச் சேரும் காவலர் முதல் நாளில் அதைப் படித்துக் காட்டட்டும். இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறை அந்த நிலையத்திலிருந்து ஒருவர் சீருடையோடு அந்த வீட்டுக்குப் போய் வர வேண்டும். குடும்பம் வெளியூர் போயிருந்தால் அந்த ஊர் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். கல்லுக்கான செலவை எங்கள் சங்கம் ஏற்கிறது, பொருளாளர் இங்கேயே தலையசைக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிக்கொடுத்த மனிதருடைய நிலையத்திலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அம்மா இப்போதும் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது, கண் சரியாகத் தெரியவில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 22 அன்று நான் போய் வருகிறேன். அந்த ஆற்றங்கரைக் கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்பார், நானும் புளியமரத்திலிருந்து சொல்வேன். தொப்பியைப் பற்றி இப்போது அவர் கேட்பதில்லை. ஐயா, ஸ்டோரிலிருந்து ஏட்டு ஒருவருக்கு உரிய தொப்பி ஒன்றை, கணக்கில் எழுதியே, எனக்குத் தர உத்தரவிட வேண்டும். நாளைக் காலை ஏழு பத்து பஸ்ஸில் போகிறேன். உங்கள் தம்பிகளில் ஒருவர் சீருடையில் என்னோடு வந்தால், அவர் கையாலேயே கொடுக்கட்டும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.