கரையானுக்கு அஞ்சலாமா கடலோர மக்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராயபுரத்துப் பெருமக்களே, வணக்கம்.

பழமையான கத்தோலிக்க ஆலயத்துக்குக் கைவேலை மரப்பீடமும், பீடத்துக்கு முன்னால் தடுப்பாக நிற்கும் கிராதியும் வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்கிறது எங்கள் அணி. ஆனால் எதிரணித் தலைவர் கிளப்பிவிட்ட கரையானை விரட்டாமல் நான் நகர மாட்டேன்! "கடலோரத்தில் மரமா? கரையானுக்குப் பந்தி வைக்கிறீர்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

ஐயா, எந்த ஊரில் நின்று இதைச் சொல்கிறீர்கள்? இங்கே புனித பேதுரு ஆலயத்தை எழுப்பியவர்கள் யார்? படகோட்டிகள்! துறைமுகம் இல்லாத காலத்தில், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலா படகில் கரை சேர்த்தவர்கள். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அலை அறைந்தால் பலகை நெளிந்து கொடுக்கும், உடையாது. மரத்தை நம்பி உயிரை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடமா கரையான் கதை சொல்கிறீர்கள்?

இன்னும் கேளுங்கள். வடசென்னையில் ஓர் ஆலயம், பெயர் வேண்டாம். ஒட்டுப்பலகையில் மாடம் செய்தார்கள். மழைக்காலத்தில் உப்பிப் பிளந்தது. பிறகுதான் ஒரு பெரியவரை, ஆசாரியை, அழைத்தார்கள். தேக்குப் பலகை வந்தது. ஓரத்தில் வெளுப்பாக இருந்ததை எல்லாம் அறுத்து ஒதுக்கினார். "கரையான் தேடுவது இந்த வெள்ளையைத்தான். உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த மரத்தில் அதற்குப் பல் இறங்காது" என்றார். பொறுப்பாளருக்கு அவசரம்: "ஆணி அடித்து முடியுங்கள் ஐயா!" பெரியவர் நிமிரவில்லை. ஒரு கட்டையின் முனையில் செதுக்கிய கழுந்தை, அந்த மூட்டு முளையை, மறு கட்டையின் துளையில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். ஓர் இழை சீவினார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார்! இன்னும் ஓர் இழை. பிறகு கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியால் ஒரே தட்டு. பொறுப்பாளர் இழுத்தார், வரவில்லை. உபதேசியார் இழுத்தார், வரவில்லை. கோயில்பிள்ளையும் சேர்ந்து இழுத்தார். வரவே இல்லை, நடுவர் அவர்களே!

அந்தப் பெரியவரின் மகன் இன்று உளியைத் தொடுவதில்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு மட்டும் அடுப்பெரிக்குமா? வேலை கொடுக்க வேண்டாமா?

புயல் நாளில் கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை என்று காசிமேட்டுத் தாய் ஒருத்தி ஆலயத்துக்கு ஓடி வருகிறாள். கிராதியைப் பற்றிக்கொண்டு அழுகிறாள். அவளைச் சில்லென்ற எவர்சில்வர் குழாயைப் பிடித்து அழச் சொல்லாதீர்கள். ஒரு மனிதன் நாள்கணக்கில் தடவித் தடவி இழைத்த மரத்தைக் கொடுங்கள். அவளுக்காகக் கேட்கிறேன், தீர்ப்பை எங்களுக்கே தாருங்கள்!