வெள்ளியின் மின்னழுத்தத்தை ஏன் 2-ஆல் பெருக்குவதில்லை?

மன்னார்குடியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "துத்தநாகம், வெள்ளி இரண்டும் சேர்ந்த மின்கலத்தில், எலக்ட்ரான்களைச் சமன்செய்ய வெள்ளியின் அரைவினையை (எலக்ட்ரானைப் பெறும் பாதி வினையை) 2-ஆல் பெருக்குகிறோம். அப்படியென்றால் அதன் +0.80 வோல்ட்டையும் 1.60 ஆக்க வேண்டாமா? எனக்கு 2.36 வோல்ட் வருகிறது, விடையில் 1.56 என்று இருக்கிறது."

விடையில் உள்ளதுதான் சரி. 0.80-லிருந்து துத்தநாகத்தின் −0.76-ஐக் கழித்தால் 1.56 வோல்ட். இருந்தாலும் உங்கள் கேள்வி நியாயமானது. சமன்பாட்டில் எல்லாவற்றையும் பெருக்கிவிட்டு இதை மட்டும் விட்டுவிடச் சொன்னால் யாருக்கும் உறுத்தத்தான் செய்யும்.

மேட்டூர் அணை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். அணை நிரம்பினால் நீர்மட்டம் 120 அடி என்றும், நீர் இருப்பு 93.47 டி.எம்.சி. என்றும் இரண்டு எண்களைத் தனித்தனியாகச் சொல்வார்கள். இப்போது உங்கள் ஊரில் அடுத்தடுத்து இரண்டு குளங்கள் இருப்பதாகவும், இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில், எட்டடி ஆழத்துக்கு நிற்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கரையை வெட்டிவிட்டால் தண்ணீரின் அளவு இரண்டு மடங்காகும். ஆழம் பதினாறடி ஆகிவிடாது, எட்டடியாகவே இருக்கும். மின்முனை மின்னழுத்தம் இந்த மட்டத்தைப் போன்றது. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை தண்ணீரின் அளவைப் போன்றது. பாடநூல் இதைத்தான் பொருண்மை சாராப் பண்பு என்கிறது.

ஒரு வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் ஆற்றல். அரைவினையை இரட்டித்தால் ஜூலும் இரட்டிக்கிறது, கூலும்மும் இரட்டிக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்துக் கிடைக்கும் வோல்ட் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மேசையில் உள்ள, துத்தநாகமும் தாமிரமும் சேர்ந்த டேனியல் மின்கலத்தைப் பாருங்கள். (வெள்ளி நைட்ரேட் விலை அதிகம் என்பதால் தாமிரத்தை வைத்துச் செய்கிறேன்.) விரல் அகலத் தாமிரத் தகட்டுடன் வோல்ட்மீட்டர் 1.08 காட்டுகிறது; பாடநூல் மதிப்பான 1.10-க்குச் சற்றுக் குறைவு. அந்தத் தகட்டை எடுத்துவிட்டு, அதே கரைசலில் உள்ளங்கை அகலத் தகட்டை இறக்குகிறேன். முள் சற்றே நடுங்கி, மறுபடியும் 1.08-லேயே வந்து நிற்கிறது. பெரிய தகட்டால் கூடுதல் மின்னோட்டத்தைத் தர இயலுமே தவிர, மின்னழுத்தத்தைக் கூட்ட இயலாது.

வெள்ளியை வைத்தே செய்து பார்க்க விரும்புகிறவர்கள், இரண்டு கரைசல்களையும் இணைக்கும் உப்புப் பாலத்தில் பொட்டாசியம் குளோரைடை எடுக்க வேண்டாம். வெள்ளி குளோரைடு வெண்மையாக வீழ்படிந்துவிடும். பொட்டாசியம் நைட்ரேட் போதும்.

அப்படியானால் அந்த 2 எங்கேதான் போகிறது? கட்டிலா ஆற்றல் மாற்றத்துக்குப் போகிறது. −nFE என்ற சூத்திரத்தில் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையான n-க்கு 2, ஃபாரடே மாறிலியான F-க்கு 96500, மின்கலத்தின் மின்னழுத்தமான E-க்கு 1.56 என்று இட்டால், −301080 ஜூல், அதாவது ஏறக்குறைய −301 கிலோஜூல் கிடைக்கும். முழுச் சமன்பாட்டையும் இன்னொரு முறை இரட்டித்து எழுதினால் n 4 ஆகி, ஆற்றல் −602 கிலோஜூல் ஆகும்; மின்னியக்கு விசை, அதாவது அந்த E, அப்போதும் 1.56 வோல்ட்தான். கரைசலின் செறிவுக்கேற்ப மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டிலும் இதே கதைதான்: n இரட்டிக்கும்போது மடக்கைக்குள் இருக்கும் அடுக்குகளும் இரட்டித்து, ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகின்றன.

இதே மாணவி கேள்வியின் கடைசியில், துத்தநாகத்தை நேர்மின்வாய் என்று சொல்லிவிட்டு அதற்குக் கழித்தல் குறி போடுவது ஏன் என்றும் கேட்டிருக்கிறார். குற்றம் நம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது என்பதே என் கருத்து. நேர்மின்வாய் என்று நாம் மொழிபெயர்த்த ஆனோடு என்பது ஆக்சிஜனேற்றம் (எலக்ட்ரான் இழப்பு) நடக்கும் முனையைக் குறிக்கும் சொல். அதில் 'நேர்' என்ற பொருளே இல்லை. மின்னாற்பகுப்பில் அந்த முனை நேர்மின் தன்மையுடன் இருப்பதால் அந்தப் பெயர் அங்கே பொருந்தியது. வேதிவினையால் மின்சாரம் தரும் கால்வானிக் மின்கலத்தில் அதே முனை எலக்ட்ரான்களை வெளியே தள்ளுவதால் எதிர்மின் தன்மை பெறுகிறது. தேர்வில் பாடநூலின் சொல்லையே எழுதுங்கள். பக்கத்தில் 'ஆக்சிஜனேற்றம்' என்று குறித்துவிட்டால் குழப்பத்துக்கு இடமிருக்காது.